பின்னால் ஓடிய பாயிண்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் நீங்கலாக மற்ற எல்லாம் நலமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். முந்தாநாள் தொலைபேசியில், "ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு, எப்படா வரே?" என்று கேட்டாய். நான் "பாயிண்ட்" என்று ஆரம்பித்ததுமே வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற வாரம் எங்கள் மின்வாரிய அலுவலகத்துக்குக் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு வங்கிக்காரர் வந்தார். "சார், கார்டுல செலவு பண்ணப் பண்ண பாயிண்ட் ஏறும். நாற்பதாயிரம் சேர்ந்துட்டா ரெண்டு பேருக்கு விமான டிக்கெட் சும்மா" என்றார். எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் இடுப்பொடிய வருவதைவிட, விமானத்தில் வந்து உன் வீட்டு வாசலில் இறங்கினால் அத்தான் முன்னால் உனக்கும் ஒரு கௌரவம் அல்லவா? அன்றே கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்தவன் நான். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பாயிண்டைப் பார்த்து நோட்டில் எழுதினேன். எதற்கு இரட்டைப் பாயிண்ட், எதற்கு ஒன்றும் கிடையாது என்பதெல்லாம் மனப்பாடம். பெட்ரோலுக்குக் கிடையாது, ஆகவே நடந்தேன். பல்பொருள் அங்காடியில் புதன்கிழமை இரட்டை, ஆகவே செவ்வாய்க்கிழமை தீர்ந்துபோன சோப்பு புதன் வரை காத்திருந்தது. எங்கள் இரண்டு பேர் செலவு போதவில்லை என்றதும் அக்கம்பக்கத்தில் யார் என்ன வாங்கினாலும் கூடவே போய் என் கார்டைத் தேய்த்துவிட்டு, அவர்களிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். மாடிவீட்டுத் தையல்காரர் மிஷின் வாங்கினார், போனேன். எதிர்வீட்டு நர்ஸ் குளிர்பதனப் பெட்டி வாங்கினார், போனேன். கொஞ்ச நாளில் மாடிப்படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். "அண்ணே, நான் ஒரு நூல்கண்டு வாங்கத்தான் போறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்று தையல்காரர் நடுத்தெருவில் நின்று கெஞ்சினார். நூல்கண்டுக்கும் பாயிண்ட் உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை.

இப்படி மூன்று வருடத்தில் முப்பத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. இன்னும் ஒரே ஒரு மாதம், டிக்கெட்தான் என்று நானும் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். அடுத்த முதல் தேதி பார்த்தால் முப்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம்! அக்கா, என் அனுபவத்தில் எந்த மீட்டரும் பின்னால் ஓடியதில்லை. ஓடினால் அது திருட்டு, அல்லது பழுது. உடனே வங்கிக்கு ஃபோன் போட்டு, "உங்க மீட்டர் ரிவர்ஸ்ல ஓடுது, ஆளை அனுப்பி மாத்துங்க" என்றேன். அந்தப் பெண் பொறுமையாக, "சார், மூணு வருஷம் ஆன பாயிண்ட் காலாவதி ஆயிடும் சார். நீங்க முதல் மாசம் வாங்கின கட்டில், அலமாரி பாயிண்ட் எல்லாம் போயிடுச்சு" என்றாள். "கட்டில் இன்னும் இருக்கேம்மா!" என்றேன். அதற்கு அவள் கையேட்டில் பதில் இல்லை போலிருக்கிறது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

இனி ஏறுவதைவிட வேகமாக இறங்கும் என்று புரிந்துபோனது. ஒரே வாரத்தில் பெரிய செலவு ஒன்று செய்தாக வேண்டும். பல் டாக்டரிடம் போனேன். "எந்தப் பல் வலிக்குது?" என்றார். "வலியெல்லாம் இல்ல டாக்டர், எதுக்கு ரொம்பச் செலவாகும்னு சொல்லுங்க" என்றேன். மனிதர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். கடைசியில் மூன்று பற்களுக்கு உறை போட்டார். நாற்பதாயிரத்து அறுபது! வாய் மரத்துப்போயிருந்ததால் சந்தோஷத்தைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால், அதற்கு முந்தின திங்கட்கிழமை முதல் ஐம்பத்தைந்தாயிரம் வேண்டுமாம், அதுவும் ஒரு ஆளுக்கு.

மனம் தளரவில்லை. கணக்குப் போட்டுவிட்டேன், நீ ஒத்துழைத்தால் பதினான்கே மாதம். உன் ஆபரேஷன் பணத்தை என் கார்டில் கட்டியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பேன். முன்கூட்டிச் சொல்லாமல் விட்டுவிட்டாய், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இன்னொரு முழங்காலையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அவசரப்பட்டு நீங்களே பணம் கட்டிவிட வேண்டாம். இதை அத்தானிடமும் பக்குவமாகச் சொல்லிவை.

அத்தானுக்கு என் வணக்கம். மருமகளுக்கு மாமாவின் ஆசிகள், அவள் ஏதாவது பெரிதாக வாங்குவதாக இருந்தால் புதன்கிழமை வாங்கச் சொல்.

என்றும் உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: நான் தபால் உறை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் இதைப் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. "அவங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்த வாரம் நீங்க வலிக்காத பல்லுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போனவள், நாளைக் காலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட்டோடு வந்தாள். ரொக்கம் கொடுத்தாளாம். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டுவருகிறேன். நீ இதைப் படிக்கும்போது உன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா, நேரில் சொல்ல வாய் வராது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். படித்து முடித்துவிட்டாய் அல்லவா? காகிதத்தை அப்படி வை. என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்திரு, மெதுவாக வாசல் வரைக்கும் நடந்து பார்க்கலாம்.