மெத்தைக்கடைப் பெயருக்குப் பலத்த காவல்

கோட்டைகள் இடிந்திருக்கின்றன, வங்கிகள் திவாலாகியிருக்கின்றன. இணையப் பெயர்களைப் பதிந்து பாதுகாக்கும் நிறுவனத்தின் காவலை மட்டும் இதுவரை எவரும் அசைத்ததில்லை. மெத்தைக்கடை அம்மாளே இதற்குச் சாட்சி.

அவர் கடைக்கு வரும் ஆர்டரில் பாதி இணையதளம் வழியாகத்தான். அதன் பெயருக்கான ஆண்டுக் கட்டணத்தை நிறுவனம் மும்மடங்காக்கி, 'அன்புச் சலுகை' என்று அறிவித்தது. இன்னொரு நிறுவனத்துக்கு மாறினால், மாற்றும் கட்டணத்திலேயே ஓராண்டுப் புதுப்பிப்பும் அடக்கம். புதுப்பிக்கும் கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அம்மாள் போன் போட்டார்.

"பேரை வேற கம்பெனிக்கு மாத்தணும்ப்பா."

"தாராளமா மேடம். முதல்ல எங்க பதிவுல இருக்கற உங்க பழைய போன் நம்பரை மாத்திடுங்க. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

மாற்றிவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

"அடடா, நம்பரை மாத்திட்டீங்களே! விவரம் மாறினா அறுபது நாளைக்குப் பேர் நகராது மேடம்."

"நீதானப்பா மாத்தச் சொன்னே!"

"ஒத்துழைப்புக்கு நன்றி மேடம்."

"அதுக்குள்ள கெடு முடிஞ்சிடுமே?"

"எங்ககிட்டயே புதுப்பிச்சிடுங்க. இல்லேன்னாலும் பயமில்ல, கெடுவுக்கு அப்புறமும் பேரை வெச்சிருக்கச் சலுகைக் காலம் இருக்கு. அவசரப்பட்டு மாத்தினா, திருடன் எவனாவது உங்களை மாதிரிப் பேசித் தூக்கிட்டுப் போயிடுவான்."

"நான்தானப்பா பேசறேன்!"

"திருடனும் அதைத்தான் சொல்லுவான் மேடம்."

இப்படிப்பட்ட விழிப்புணர்வுக்கு எந்த நாட்டு ராணுவமும் ஈடாகாது. அம்மாள் போனை மெத்தைமேல் எறிந்தார்.

பஞ்சு அடைத்துக்கொண்டிருந்த கணவர், "கேக்கறதைக் கட்டித் தொலையேன்" என்றார்.

"ஒத்தப் பைசா தரமாட்டேன். அதான் சலுகைக் காலம் இருக்குங்கறானே!"

காத்திருந்தார். அறுபது நாள் பூட்டு விலகும் நாளன்று ஆசையாகத் தன் தளத்தைத் திறந்தார். பெயர் அவருடையதுதான். உள்ளே எதிர்க்கடைக்காரனின் மெத்தைகள் வரிசையாகப் படுத்திருந்தன. அம்மாள் போனை எடுத்தார்.

"என் பேர் எப்படிப்பா அவன்கிட்ட போச்சு?"

"சலுகைக் காலத்தைச் சுருக்கிட்டோம் மேடம். கெடு முடிஞ்ச பேர்ங்கறதால ஏலத்துல விட்டோம். அவர் எடுத்தார். பத்தே நிமிஷத்துல மாத்திக் குடுத்தாச்சு."

"எனக்கு அறுபது நாள், அவனுக்குப் பத்து நிமிஷமா? திருடன் தூக்கிட்டுப் போயிடுவான்னு என்னைப் பயமுறுத்தினியே!"

"அதான் மேடம் எங்க காவல்," என்றது பெருமிதம் பொங்கிய குரல். "நாங்க விக்கிற வரைக்கும் வேற ஒரு திருடனையும் கிட்ட நெருங்க விடல."