ஜெயிலர் நடந்த பாத்தி

சினிமாவில் ஒரு தடவை தலையைக் காட்டியவனுக்கு அப்புறம் கனம் இறங்கவே இறங்காது. அதிலும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவன்தான் அதிகம் ஆடுவான். (ஹீரோக்கள் பாவம், அடக்கமாகத்தான் இருக்கிறார்கள்.)

2005 கோடையில் மரக்காணத்தில் எங்கள் சித்தப்பாவின் உப்பளத்துக்கு ஒரு ஜெயில் படக் கம்பெனி வந்தது. கைதிகள் உப்பு வாருவதாகக் காட்சி. நானும் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கைதியானேன். அப்போது வானூரில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்ததுமே நான் கவிழ்ந்துவிட்டேன், பெண்ணின் அப்பாதான் பிடி கொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தார். விடுவேனா? படத்தில் ஹீரோ, ஜெயிலர், மூணாவது நான்தான் என்று அவரிடம் அளந்துவிட்டேன்.

படம் வந்ததும் அவர்கள் குடும்பத்தையே பாண்டிச்சேரி தியேட்டருக்கு அழைத்துப் போனேன். எங்களை விட்டால் ஏ.சி.க்கு ஒதுங்கியவர்கள்தான் உள்ளே இருந்தார்கள். நல்ல படம் சார் அது! கைதியாக நடித்த ஹீரோ வாயே திறக்காமல் அழ வைத்தார். ஜெயிலராக வந்தவர் இமையை அசைத்தே மிரட்டினார். அதை ஓட விடாத நம் ரசனையை உப்புக்கண்டம்தான் போட வேண்டும்.

கடைசிக் காட்சி. கைதியின் மகன் செத்துப்போன சேதியோடு ஜெயிலர் உப்புப் பாத்திக்குள் இறங்கி வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். ஒரு வார்த்தை இல்லை. கைதியின் கன்னம் மட்டும் துடிக்கிறது. முன் வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார்.

பின்னணியில் நான் வந்தேன்.

எங்கள் ஊரில் உப்பு பூத்த பாத்தியில் செருப்புக் காலை வைத்தால் பெற்ற அப்பனையும் திட்டுவோம். சேறு கலந்த உப்பை வியாபாரி தொடமாட்டான். அந்த மனுஷன் பூட்ஸோடு இறங்கினாரா, கேமரா ஓடுவதே எனக்கு மறந்துபோச்சு. துக்கத்தில் உறைந்து நிற்கும் இரண்டு பேருக்குப் பின்னால், ஒரு கைதி உப்பு வாரும் பலகையும் கையுமாகக் குனிந்து, முணுமுணுத்துக்கொண்டே ஜெயிலரின் பூட்ஸ் தடத்தையெல்லாம் வழித்துக்கொண்டு வருகிறான். நடுவில் அந்த பூட்ஸைப் பார்த்து ஒரு முறைப்பு வேறு. (டைரக்டர் அந்த இரண்டு முகங்களையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாராம். என்னைக் கவனித்தபோது நடிகர்கள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.)

மூக்கை உறிஞ்சிய அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு தியேட்டரே சிரித்தது. உயிரைக் கொடுத்து நடித்த இரண்டு பேரையும் அதற்கப்புறம் எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. அது இன்னமும் எனக்கு உறுத்தல்தான்.

வெளியே வந்தோம். பெண் இருந்த பக்கம் திரும்பவே தைரியமில்லை. கல்யாணம் கோவிந்தா என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் அப்பா வாசல் கடையில் ஒரு டீயைக் குடித்து முடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்பா, மூணாவது ஆளுன்னு சொன்னது சுத்தப் பொய்யி. ஆனா ஜெயிலரு கால்தடத்தக்கூட நீ வுட்டு வெக்கல. எம்பொண்ணு வூடு தொடைக்கிற ஜாதி இல்ல. உனக்கே குடுத்துர்றேன்."

கிண்டல் என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். அது எச்சரிக்கை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் புரிந்தது.

இன்றுவரை எங்கள் வீட்டில் தரை துடைப்பது நான். ஈரம் காய்வதற்குள் தோட்டத்து மண் காலோடு குறுக்கே நடப்பது அவள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிடும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள்:

"ஜெயிலரு போயாச்சுங்க. நீங்க ஆரம்பிங்க."