பனிக்கு ஒரு நோட்டீஸ்

எங்கள் அலுவலகத்தில் ஒரு குளிர் அறை உண்டு. அதில் முப்பத்தாறு குழாய் நிறையச் சேறு. வடதுருவக் கடலின் அடியிலிருந்து எடுத்தது. பனிக்கு அடியில் மட்டுமே வாழும் ஒரு பாசியின் மிச்சத்தை அதில் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். மாமனார் எனக்கு வைத்த பெயர் 'சேத்து மாப்பிள்ளை'. பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கோடையில் இயக்குநர் கூப்பிட்டார். "சேத்துக்கெல்லாம் எதுக்குய்யா ஏசி? மனுஷன் இங்க வெந்து சாகிறான். மேலிடம் கவனிக்கிற மாதிரி ஒரு அறிக்கை எழுது. இல்லேன்னா அறையைக் காலி பண்ணு."

வெளியே வைத்தால் சேறு காய்ந்து வெடித்துவிடும். பதினோரு வருடமும் போச்சு! உட்கார்ந்து எழுதினேன்.

அந்தப் பாசி கிடைத்த இடத்தில் அப்போது பனி இருந்தது என்று அர்த்தம். அதை வைத்து நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். முன்னொரு காலத்தில், மனிதன் கை வைக்காமலே பூமி தானாகக் குளிர்ந்தபோது, கடல்பனி தெற்கே பரவியிருக்கிறது. குளிர் விட்டதும் மெல்லப் பின்வாங்கியிருக்கிறது. 'பரவியது' என்றே எழுதியிருக்கலாம். எனக்குத்தான் தமிழ் பொங்கி வழியுமே! 'கடற்பரப்பைப் பனி ஆக்கிரமித்தது' என்று எழுதித் தொலைத்தேன்.

மேலிடம் கவனித்தது. கோப்பு நேரே ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவுக்குப் போனது. அதன் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து ஆக்கிரமிப்பு?"

"நானூறு வருஷத்துக்கு முந்தி, சார்."

"இத்தனை வருஷமா என்னய்யா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"சார், அது இயற்கையா..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அனுமதி வாங்கிச்சா?"

"வாங்கலை, சார்."

"அதை எழுதிக் கொடுங்க."

அறை போய்விடுமே என்ற பயத்தில் எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி பனி ஏழு நாட்களுக்குள் தன் சொந்தப் பொறுப்பில் காலி செய்ய வேண்டியது' என்று நோட்டீஸ் தயாரானது. துருவத்தில் ஒட்டச் சுவர் இல்லாததால் குளிர் அறைக் கதவில் ஒட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையில் செய்தி வந்தது: துருவத்தில் கடல்பனி வேகமாகக் குறைகிறது. அதிகாரி ஓடி வந்தார்.

"பாத்தீங்களா! ஒரே நோட்டீஸ்!"

"நோட்டீஸால இல்ல சார். அப்ப தானா வந்துச்சு, தானா போச்சு. இப்ப பூமி சூடாகுது..."

"யோவ், பனியைத் துரத்தினது யாரு? நாமதானே?"

அவர் சொன்னதில் அறிவியல்படி சரியாக இருந்தது அது ஒன்றுதான். "நாமதான் சார்" என்றேன்.

'ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது, ஆதாரங்கள் இனித் தேவையில்லை' என்று கோப்பை மூடினார்கள். எனக்குப் பதவி உயர்வு. சேறு மொட்டைமாடிக்குப் போனது. குளிர் அறைக்கு மேசை நாற்காலிகள் வந்தன.

வீட்டுக்கு வந்து அழுதேன். "அழுதா ஆச்சா? நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

மறுநாள் கோபத்தோடுதான் போனேன். அப்பப்பா, என்ன வெயில்! குளிர் அறைக்குள் இயக்குநர், "வாய்யா, இது உன் சீட்டு" என்று காட்டினார். ஏசிக்கு நேர் கீழே. சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன்.

மூன்று கோடை ஆகிறது. நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது. கதவை மட்டும் சாத்திவிடுங்கள், குளிர் வெளியே போகிறது.