மூலையரும் நெத்தலிக் கண்ணும்

மன்னார்த் தீவில் படம் பிடிப்பவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்த்துப் பிடிப்பார்கள். மூலையர் ஒருவர்தான் வரிசையின் கடைசியில் நிற்கும் ஆளைப் பார்த்துப் பிடிப்பார். படத்தின் நடுவில் பேயே நின்றாலும் அவர் கண்ணில் படாது. நான்கு மூலையையும் பெருப்பித்துப் பார்த்த பிறகுதான், "ஆரின்ர கலியாணம் இது?" என்று கேட்பார்.

பேசாலையில் அவருக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, சுவரில் ஒரு படம். உப்பளத்தில் நின்று கால் வெடித்து, வேறு வேலை தேடிப் போன என்னைக் குடை விளக்குப் பிடிக்க வைத்துக்கொண்டார்.

சுவரில் இருந்தது கோயில் பாடகர் குழுவின் படம். அவர் எடுத்ததுதான். மூலையருடைய சட்டையை அயர்ன் பெட்டியால் மினுக்கிவிட்டுப் பிந்தி ஓடிவந்த மனைவி றீற்றா கடைசியில் நிற்கிறார். அந்தப் பழைய லென்ஸுக்கு ஓரம் மங்கல். எல்லோருக்கும் முகம் இருக்க, அவருக்கு மட்டும் மாவைத் தடவியதுபோல. பிறகு சண்டை, இடம்பெயர்வு, காய்ச்சல், றீற்றா செத்துப்போனார். அவருடைய மற்றப் படங்கள் எல்லாம் வீட்டோடு போயின. இது மட்டும் இன்னொருவர் வீட்டில் தப்பிக் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்கு லென்ஸ் என்றால் ஓரம்தான்.

நான் இருந்த நாளில் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கமரா ஒன்று வாங்கினார். அதோடு வந்தது ஒரு கிட் லென்ஸ்: இருபத்துநாலு மில்லிமீட்டரிலிருந்து ஐம்பது வரை நீளும், பிளாஸ்டிக் உடம்பு, ஒரு பணிஸ் பாணின் பாரம். சரிவராவிட்டால் ஒரு கிழமைக்குள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அந்தச் சனிக்கிழமை முருங்கனில் கலியாணம்.

மற்றவர்கள் செங்கல் சுவரை எடுத்து லென்ஸைச் சோதிப்பார்கள். மூலையர் கடற்கரைக்குப் போனார். மதலேனாக்கா அங்கே பாய் விரித்து நெத்தலி காயப்போட்டிருந்தார். மூலையர் மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே ஏறிக் கமராவைக் கீழே பார்த்துப் பிடித்தார். நான் காகம் துரத்தினேன்.

"மூலையண்ணை, மீனுக்கு அடையாள அட்டைப் படமோ எடுக்கிறியள்?"

"ஓம் பிள்ளை. மூலையில கிடக்கிறதுகளுக்கு."

"அப்ப நடுவில கிடக்கிறது என்ன பாவம் செய்தது?"

"அதை ஆரும் எடுப்பாங்கள்."

பிறகு கணினியில் நெத்தலிக் கண் எண்ணினோம். இருபத்துநாலில் துவாரத்தை முழுக்கத் திறந்தால் மூலை மீன்கள் எல்லாம் குருடு. துவாரத்தை ஐந்து தசம் ஆறு என்ற எண்ணுக்குச் சுருக்கினால் அரைக்கண். எட்டில் முழித்துப் பார்த்தன. வலப்பக்கக் கீழ் மூலை மட்டும் எட்டிலும் குருடு, பதினொன்றிலும் குருடு.

"மிச்சம் மூண்டு மூலையும் நல்லாத்தானே அண்ணை கிடக்கு?" என்றேன்.

"நாலாவது மூலையில நீ நிண்டா இப்பிடிச் சொல்லுவியோ?"

கலியாணத்துக்கு முன் மாற்ற நேரமிருக்கவில்லை. மண்டபத்தில், படத்தின் அந்த மூலை விழும் இடத்தில் ஒரு வெறுங்கதிரையைப் போட்டு, பக்கத்தில் யாரையும் நிற்கவிடவில்லை. "கதிரைக்கும் நாங்கள் கலியாணக் காட் குடுத்தனாங்களோ?" என்று பொம்பிளையின் தகப்பன் கேட்டார். எல்லோரும் ஒழுங்காக நின்ற நேரம், ஒரு மாமி வேர்த்து ஒழுக ஓடிவந்து கதிரையோடு ஒட்டி நின்றார். மூலையர் கமராவை விட்டுவிட்டுப் போய், அவர் கையைப் பிடித்துப் பொம்பிளையின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டார்.

"ஐயோ, நான் பிந்தியெல்லே வந்தனான்."

"பிந்தி வந்த ஆக்கள் இங்கதான் நிக்கோணும்."

திங்கட்கிழமை கடையில் அதே வகையில் வேறொன்று தந்தார்கள். மறுபடியும் மதலேனாக்காவின் பாய். எட்டில் நான்கு மூலை மீன்களும் பார்த்தன. கீழ் மூலையில், காகம் துரத்தி நின்ற என் கால்களும் விழுந்திருந்தன. மூலையர் அவற்றையும் பெருப்பித்தார்.

"லென்ஸ் தேறிட்டுது. உன்ர குதிக்கால்தான் தேறேல்லை. மருந்து வாங்கிப் பூசு."

பிறகு சுவர்ப் படத்தைக் கழற்றி, வெளிச்சத்தில் வைத்து, அதே எட்டில் ஒரு படம் எடுத்தார். கணினியில் நேரே கடைசி ஆளிடம் போனார். பக்கத்தில் நின்றவரின் காதுத் தோட்டில் இருந்த கல் வரைக்கும் தெரிந்தது. றீற்றாவின் முகத்து மங்கலும் அப்படியே, துல்லியமாக வந்திருந்தது. இன்னும் ஒருமுறை பெருப்பித்துப் பார்த்தார்.

"நல்ல லென்ஸ்," என்றார். "கிடந்ததைக் கிடந்தபடி எடுக்குது."

லென்ஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் நான் பாப்பாமோட்டைப் பக்கம் அறுவடைக்குப் போனேன். பிறகு வேறு ஊர்கள், வேறு வேலைகள். அவர் இன்னும் பேசாலையில்தான் இருக்கிறாராம். போகவேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைக்கிறேன். பஸ் வேறு பக்கம் கொண்டுபோய்விடுகிறது. குதிக்கால் இப்போதும் வெடிக்கும். மருந்து பூசுகிற நாட்களில் ஃபோனை எடுத்து, அன்று அதில் ஏற்றிவைத்த அந்த நெத்தலிப் படத்தின் கீழ் மூலையைப் பெருப்பித்துப் பார்ப்பேன். என் காலை அவ்வளவு கவனமாகப் பார்த்த ஆள் வேறு யாருமில்லை.