வெள்ளை மேலாடைக் குற்றம்

மனிதருக்கு மனிதர் சமம் என்ற மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தவர்கள் ஏதென்ஸ்காரர்களாகிய நாங்கள். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகிய சில்லறை விலக்குகளைக் கழித்துவிட்டால், எங்கள் நகரத்தில் எல்லோரும் சமம்.

இந்தச் சமத்துவத்துக்குள் 'போலிகள்' புகுந்துவிட்டதாகச் சந்தேகம் எழுந்தது. ஒவ்வொரு ஊர்ப்பிரிவும் தன் குடிமக்கள் பட்டியலை உரக்கப் படித்து, பெயருக்குப் பெயர் வாக்கெடுக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் பிலாக்ரோஸ் படித்துக்கொண்டே வந்து, தியோடிமோஸ் என்ற பெயரில் நிறுத்தினார்.

குற்றச்சாட்டு கடுமையானது. தியோடிமோஸ் விடியுமுன்பே மக்கள் சபைக்குப் போகிறான். முன்வரிசையில் உட்காருகிறான். பேச்சாளர்கள் பேசி முடிக்கும் வரை கேட்கிறான்.

அசல் குடிமகன் அப்படியா செய்வான்? சபை நாளன்று அவன் மீன்கடையில் விலாங்கு விலை பேசிக்கொண்டிருப்பான். அரசு அடிமைகள் செம்மண் குழம்பில் தோய்த்த நீளக் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, ஆட்டு மந்தையைப் போல வளைத்து ஓட்டினால்தான் சபைக்கு நகர்வான். எங்கள் எல்லோர் முதுகிலும் சிவப்புக் கோடு இருந்தது. அவன் மேலாடை மட்டும் பால் மாதிரி வெளுப்பு.

"கயிறு இல்லாம சபைக்குப் போற பய நம்ம ஊர்க்காரனா இருப்பானாய்யா?" என்றார் பிலாக்ரோஸ். மறுக்க முடியாத வாதம். போன திருவிழாவில் பலி ஆட்டின் தொடைக்கறி யார் வீட்டுக்குப் போனது என்று தியோடிமோஸ் அவரைக் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்பட்டால் அவன் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள். இவ்வளவு வாய்ப்புகளை வேறெந்த நகரம் தரும்?

தாயும் தந்தையும் ஏதென்ஸில் பிறந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவன் தாய் வாசலிலேயே நின்றாள்.

"பெத்தவ இங்க நிக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேளுங்கப்பா."

பெண்கள் சபையில் பேசலாகாது என்று பிலாக்ரோஸ் மரியாதையுடன் விளக்கினார். தகப்பனோ போரில் கடலோடு போனவன். தியோடிமோஸ் என் பக்கம் திரும்பினான்.

"லிகோன் மாமா, எங்கப்பாகூட ஒரே பலகையில உக்காந்து துடுப்பு போட்டவரு நீங்க. சொல்லுங்க மாமா."

ஏழு ஆண்டுகள் போட்டேன். ஆனால் சாட்சி சொல்பவனின் பூர்வீகத்தையும் சேர்த்துக் கிளறுவது எங்கள் சட்டத்தின் தனி அழகு.

"கப்பல்ல இருட்டுப்பா," என்றேன். "பக்கத்துல யாருன்னு எங்க தெரிஞ்சுது?"

வாக்கெடுப்பு நடந்தது. நீக்க வேண்டுமானால் கறுப்புக் கல், வேண்டாமானால் வெள்ளைக் கல். மூடிய கைகளோடு போய்ச் சாடியில் போட்டோம். கறுப்பு அறுபத்திரண்டு, வெள்ளை ஒன்று.

கூட்டம் கலைந்தபின் தியோடிமோஸ் வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"சபையில சொல்ல முடியலன்னாலும் கல்லை எனக்குப் போட்டீங்களே மாமா, அது போதும்."

ரகசிய வாக்கெடுப்பைக் கண்டுபிடித்த என் முன்னோர்களை மனத்துக்குள் வணங்கினேன். "இதுக்கெல்லாம் எதுக்குப்பா நன்றி," என்றேன். அந்த வெள்ளைக் கல்லைப் போட்ட முட்டாள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.