பெரிய யாவின் லேப்டாப் திருட்டுப் போன நற்செய்தி

குமாசி,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அஃபியா அக்காவுக்கு, தம்பி யாவ் எழுதுவது. முழங்கால் வலி நீங்கலாக நான் நலம். அம்மாவும் அத்தானும் பிள்ளைகளும் அங்கே சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. என் ஆபீஸ் லேப்டாப்பைத் திருடிவிட்டார்கள்.

பதறாமல் முழுக்கப் படி. எங்கள் கொக்கோ கம்பெனியில் இன்னொருவனும் வியாழக்கிழமை பிறந்து தொலைத்ததால், நம் ஊர்க் கிழமைப் பெயர் வழக்கப்படி அவனும் யாவ்தான். என்னைப் பெரிய யாவ், அவனைச் சின்ன யாவ் என்பார்கள். வயதைத் தவிர வேறெதிலும் நான் பெரியவன் இல்லை. போன மாதம் கெஜேத்தியா சந்தையில் அவன் லேப்டாப் பறிபோனது. ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வங்கி விவரம் அதில் இருந்தது. வேலை போச்சு என்று நான் வருத்தப்பட, சரி, உன்னிடம் என்ன மறைப்பது, சந்தோஷப்பட ஆயத்தமானேன். அவனோ உள்ளே இருந்ததையெல்லாம் பூட்டுப் போட்டு வைத்திருந்தானாம், செல்போனிலிருந்தே அழித்தும் விட்டானாம். ஆபீஸ் காலை ஜெபத்தில் மேலாளர் செர்வா மேடம் அவனை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னார். காகிதம் மாதிரி மெலிசாகப் புது லேப்டாப் வேறு. என்னுடையதோ சேனைக்கிழங்கு கனம். அதையாவது பொறுத்தேன் அக்கா, கணக்குப் பிரிவு அகோசுவா அவனுக்குத் தினமும் வாழைப்பழத்தில் கெலெவெலே பொரித்துக் கொண்டு வருகிறாள். மூன்று வருஷமாக அவளுக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவன் நான். வயிறு எரிகிறது.

திருட்டுப் போனால்தானே பெருமை, நானும் பறிகொடுப்பது என்று முடிவு செய்தேன். முதலில் கணினிப் பிரிவு எக்கோவிடம் பூட்டுப் போடச் சொன்னேன். என் பழைய பாஸ்வேர்டைப் பார்த்துச் சிரித்தான். "கிழமைப் பேரையா வெச்சிருக்கீங்க? திருடன் ஏழு தடவை தட்டினா திறந்துக்குமே." நீளமாக ஒன்று வைத்துக் கொடுத்தான். பிறகு பையைச் சந்தை பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தேன். மக்காச்சோளக் கென்கி விற்கிற அம்மாள் மூச்சிரைக்க ஓடி வந்து, "இவ்ளோ பெரிய பையை மறந்துட்டுப் போறீங்களே அண்ணே, வீட்ல சண்டையா?" என்றாள். வீட்டில் சண்டை போட யார் இருக்கிறார்கள்? ட்ரோட்ரோவில் விட்டேன், கண்டக்டர் வண்டியை நிறுத்தித் தூக்கி வந்தான். சர்ச்சில் விட்டேன், பாஸ்டர் மைக்கில், "யாவ்னு சீட்டுப் போட்ட கறுப்புப் பை யாரோடது?" என்று கேட்க, ஏழெட்டு யாவ் எழுந்து நின்றார்கள். இந்த ஊரில் யோக்கியர்கள் தொல்லை தாங்கவில்லை.

இன்று சாயங்காலம் ஆண்டவர் கண் திறந்தார். ஆபீஸிலிருந்து அவசரமாகக் கிளம்பிய உற்சாகத்தில் பையின் கனம்கூடத் தெரியவில்லை. சந்தைக் கூட்டத்தில் ஒரு புண்ணியவான் என் தோளிலிருந்து பையை உருவிக்கொண்டு ஓடினான். முழங்கால் வலியோடு துள்ளினேன். உடனே மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், லேப்டாப் போயிடுச்சு. ஆனா பூட்டியிருக்கு."

"சபாஷ் யாவ், திங்கக்கிழமை ஜெபத்துல சொல்றேன்."

அம்மாவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டு. அகோசுவாவின் பெரியம்மா உங்கள் தெருதானே, அவர் காதிலும் விழட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு ஆசி.

உன் தம்பி,
யாவ் ஓஃபோசு

பி.கு: சின்ன யாவ் இப்போதுதான் கூப்பிட்டான். "அண்ணே, ரெண்டும் ஒரே மாதிரி கறுப்புப் பை, அவசரத்துல என்னோடதைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. உங்களோடது இங்க மேசைக்கடியில இருக்கு. மேடம் சொன்னதும் என்னோடதைப் போன்லயே அழிச்சிட்டேன், கவலைப்படாதீங்க. ஆமா, பாஸ்வேர்டை உங்க லேப்டாப் அடியில ஒட்டி வெச்சிருக்கீங்களே, மேடம்கூடப் பார்த்தாங்க." திங்கட்கிழமை கைதட்டல் மறுபடி அவனுக்குத்தான். இன்னும் மெலிசான லேப்டாப் வருகிறதாம். அகோசுவா பக்கத்தில் சிரிப்பது எனக்குக் கேட்டது. அக்கா, அம்மாவுக்குப் படித்துவிட்டாயென்றால், இது வேறு யாரோ ஒரு யாவ் எழுதியது என்று சொல்லிவிடு.