பிபிங்கா குற்றவாளி இல்லை

மதிப்பிற்குரிய வீட்டுக்கார அம்மா ரெமெடியோஸ் அவர்களுக்கு,

கீழ்வீட்டு லியோபோல்டோ எழுதுவது. இங்கு நலம். தங்கள் மூட்டுவலியும் குறைந்திருக்கும். போன மாதம் நீங்கள் படியிறங்கி வந்து திட்டிய வேகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

"ஒண்ணு நாய் போகணும், இல்ல நீ போகணும்" என்றீர்கள். இரண்டு பேருமே போகிறோம். ஆனால் பிபிங்கா குற்றவாளி இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவேன்.

உங்கள் வீட்டுக் குட்டிதானே அவள். நீங்கள் கொடுத்த நாளிலிருந்து மூத்திரம் சொட்டிக்கொண்டே இருந்தாள். பாய், நாற்காலி, ஜெபமாலை சொல்ல வந்த அன்று உங்கள் பாவாடை. வளர்க்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டி, அவள் மூக்கில் செருப்பால் ஒரு தட்டும் தட்டினீர்கள். சரியென்று மெலிண்டா கடையில் குழந்தை டயப்பரை ஒவ்வொன்றாக வாங்கி, வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டிவிட்டேன். அங்கே பிடித்தது சனியன். "யாரு குழந்தை அண்ணே?" என்றாள். நாய்க்கும்மா என்றேன். "மறைக்காதீங்க. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நான்தான், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சாயங்காலமே கோயில் பாடகர் குழுப் பெண்கள், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று முருங்கைக்கீரை போட்ட கோழி சூப்போடு வந்துவிட்டார்கள். திரைக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். டயப்பரோடு பிபிங்கா வந்து சூப்பைக் குடித்தாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனார்கள்.

வெறுத்துப்போய் டாக்டர் சலோமேயிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் பெண் ஊசியில் மருந்தேற்றிப் படம் எடுத்துப் பார்த்தது. "உங்க வளர்ப்புல தப்பில்ல தாத்தா, இது பிறவிக் குறை. சிறுநீரகத்துலேர்ந்து வர்ற ஒரு குழாய் மூத்திரப்பையில சேராம, அதுக்குக் கீழ போய்த் திறந்திருக்கு. அவளுக்கே தெரியாம சொட்டுது. விட்டா சிறுநீரகமே கெட்டுடும்" என்றது. ஆபரேஷன் பண்ணும்மா என்றேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. குழாயைப் பையோடு சேர்த்துத் தைத்தாயிற்று. பாய் இப்போது காய்ந்து கிடக்கிறது.

ஆனாலும் நோயாளியைச் செருப்பால் அடித்த வீட்டில் இருக்கமாட்டோம். சனிக்கிழமை கிளம்புகிறோம். மூட்டை கட்டியாயிற்று. கெஞ்சினாலும் நிற்கமாட்டேன்.

நாய்களைக் காக்கும் புனித ரோக்கு தங்கள் முழங்காலையும் காப்பாராக.

இப்படிக்கு,
லியோபோல்டோ

பி.கு.: கடிதத்தை உங்கள் கதவடியில் தள்ள வந்தேன். பிபிங்காவோடு பிறந்த உங்கள் சுமான் படியில் படுத்திருந்தாள். என்னைக் கண்டு எழுந்தாள். படுத்திருந்த இடம் ஈரம். முற்றத்துச் சேற்றிலேயே வளர்கிறவள், நீங்கள் எப்படிக் கவனித்திருப்பீர்கள்? அவளை அடிக்காதீர்கள். பயப்படவும் வேண்டாம் அக்கா, நாளைக் காலை நானே உங்கள் இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். மூட்டையை அவிழ்த்துவிட்டேன். டயப்பரை மட்டும் மெலிண்டாவிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.